பார்த்ததற்குக் கூலி கொடுங்கள்!

சாலை போடும் இடத்திலும், ஏரி தூர் வாரும் இடத்திலும் ஒரு பெரிய எந்திரத்தைப் பார்க்கலாம். அதற்கு நீண்ட கை. கையின் நுனியில் பற்கள் வைத்த இரும்பு வாளி. ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் போதும், பள்ளம் விழுந்துவிடும்.

அதை மக்கள் "பொக்லைன்" என்கிறார்கள். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் தோண்டும் எந்திரத்தை அந்தக் கம்பெனி 1951-ம் ஆண்டிலேயே செய்தது. இன்று எந்தக் கம்பெனி எந்திரம் வந்து நின்றாலும், நம் ஊரில் அது பொக்லைன்தான்!

பழைய எந்திரத்தில் இரும்பு தேயும், எண்ணெய் ஒழுகும். கண்ணால் பார்த்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். இன்றைய எந்திரம் அப்படி அல்ல. அதற்கு நரம்பும் உண்டு, மூளையும் உண்டு.

நரம்பும் மூளையும்

டீசல் என்ஜின் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம் சுமார் 350 பார் வரை ஏறும். கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் 2 பாருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்!

எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, என்ஜின் வேகம் எவ்வளவு? இவற்றை "சென்சார்" என்ற சிறு கருவிகள் அறிந்து சொல்கின்றன. அந்தச் செய்தி வயர் வழியாகக் கண்ட்ரோலருக்குப் போகிறது. கண்ட்ரோலர்தான் எந்திரத்தின் மூளை.

செய்தி தவறாக வந்தால், கண்ட்ரோலர் எந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கை மெதுவாக அசையும். ஆபரேட்டரின் எதிரே உள்ள திரையில் ஓர் எண் தோன்றும்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எண் சொல்வது என்ன?

"பம்பு அழுத்த சென்சார்" என்று எண் காட்டுகிறது. "சென்சார் போய்விட்டது. புதிது வாங்குங்கள்" என்கிறார் மெக்கானிக். சொந்தக்காரர் கடன் வாங்கியாவது வாங்கி வருகிறார். மாற்றுகிறார்கள். எண் மறையவில்லை! "அப்படியானால் கண்ட்ரோலர்தான்" என்று அடுத்த செலவு வருகிறது.

கடைசியில் பார்த்தால், கையின் அடிப்பாகத்தில் உரசி உரசி ஒரு வயர் அறுந்திருக்கும். அல்லது எலி கடித்திருக்கும். அல்லது எந்திரத்தைக் கழுவியபோது கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து, ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

எண் பொய் சொல்லவில்லை. அது தெருவைத்தான் காட்டியது, வீட்டைக் காட்டவில்லை. அந்தத் தெருவில் சென்சாரும் இருக்கிறது, கனெக்டரும் இருக்கிறது, வயரும் இருக்கிறது. குற்றவாளி யார் என்பதை மனிதன்தான் விசாரிக்க வேண்டும்.

எண்ணிலேயே ஒரு துப்பும் உண்டு. பல எந்திரங்கள் "ஜே-1939" என்ற பொது முறையைப் பின்பற்றுகின்றன. அந்த முறையில் கோளாறின் வகையைக் குறிக்க ஒரு தனி எண் இருக்கிறது. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல் இருக்கிறது. 4 என்றால் அளவுக்குக் கீழே இருக்கிறது. 5 என்றால் மின்சாரம் குறைந்திருக்கிறது அல்லது பாதை அறுந்திருக்கிறது. மூன்றுமே வயர் கோளாறாகவும் இருக்கலாம்.

அளந்தால் தெரியும்

விசாரிக்கப் பெரிய கருவி வேண்டுமா? வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் போதும்.

பல அழுத்த சென்சார்களில் மூன்று வயர்கள் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் வரும். இன்னொன்று எர்த். மூன்றாவது செய்தி வயர். அதில் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை இருக்கும்.

கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, முதல் இரண்டு வயர்களுக்கு நடுவே அளக்க வேண்டும். 5 வோல்ட் வரவில்லையா? அப்படியானால் சென்சாரை மாற்றிப் பயன் இல்லை.

பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் பொதுவாகப் போவதும் உண்டு. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். திரையில் ஒரே நேரத்தில் பல எண்கள் தோன்றும். அப்போது கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் கோளாறு.

இரண்டு பம்புகளிலும் ஒரே மாதிரி சென்சார் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு சென்சாரோடு போனால் குற்றம் சென்சாருடையது. பழைய இடத்திலேயே நின்றால் வயரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் சென்சாரைக் கழற்றும் முன் வாளியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை முழுதும் வெளியேற்ற வேண்டும். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். உயிருக்கே ஆபத்து!

குற்றம் யாருடையது?

இவ்வளவு எளிய சோதனையை ஏன் செய்வதில்லை? மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

எந்திரம் நின்றால் வருமானம் நின்றது. மாதத் தவணை நிற்காது. ஆபரேட்டரின் சம்பளமும் நிற்காது. அதனால் சொந்தக்காரர் அவசரப்படுகிறார். மெக்கானிக் அரை நாள் வயரைத் தடவிக்கொண்டிருந்தால், "வேலை தெரியாதவர்" என்று நினைக்கிறார்.

அவர் வெயிலில் படுத்து, அறுந்த வயரைக் கண்டுபிடித்து ஒட்டியதும் என்ன நடக்கிறது? "ஒரு வயரை ஒட்டியதற்கா அண்ணே இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்று பேரம் பேசுகிறார். புதுச் சென்சாருக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தவரும் அவரேதான்!

பாகத்துக்குப் பணம் உண்டு. பார்த்ததற்குக் கூலி இல்லை. பிறகு யார் பொறுமையாகப் பார்ப்பார்கள்? பாகத்தைத்தான் மாற்றுவார்கள். நல்ல சென்சார் குப்பைக்குப் போகிறது. கெட்ட வயர் எந்திரத்திலேயே இருக்கிறது.

சென்சார் கெடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. அதுவும் கெடும். ஆனால் அதையும் அளந்தே சொல்ல வேண்டும். "தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி.

ஆகவே, சொந்தக்காரர்கள் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். "புதுச் சென்சார் வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், "எத்தனை வோல்ட் வந்தது?" என்று கேட்க வேண்டும். அவர் அளந்து, வயரில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தால், பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் அவருடைய அரை நாள் உழைப்புக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும்.

அந்தக் கூலி, வாங்காமல் மிச்சமான சென்சாரின் விலையிலிருந்தே கிடைத்துவிடும்!