கேள்வி கேட்பது குற்றமா?

சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் அமைதியைக் கெடுப்பவர்கள் யார்? நோயாளிகளின் உறவினர்கள்! இப்படி ஒரு கண்டுபிடிப்பு நாட்டில் உலவிக்கொண்டிருக்கிறது. “கூட்டம் போடுகிறார்கள், ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள், சண்டைக்கு வருகிறார்கள். வாசலில் காவலாளிகளை அதிகப்படுத்து, காமிரா வை, பாஸ் இல்லாதவனை வெளியே தள்ளு!” என்று பெரிய மனிதர்கள் யோசனை சொல்கிறார்கள்.

2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஒரு புற்று நோயாளியின் மகன், பணியிலிருந்த டாக்டரைக் கத்தியால் குத்தினான். அந்தக் கொடுஞ்செயலை நாம் கண்டிக்கிறோம். தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று டாக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. மருத்துவ ஊழியர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை அமல் நடத்தட்டும். ஆனால் கத்தி எடுத்த ஒருவனைக் காட்டி, கைகட்டி நின்று கேள்வி கேட்கிற லட்சோப லட்சம் ஜனங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

அவர்கள் என்னதான் கேட்கிறார்கள்?

நமக்குத் தெரிந்த ஒரு விசைத்தறித் தொழிலாளியின் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ஆகவே ஊரையோ ஆஸ்பத்திரியையோ நாம் குறிப்பிடவில்லை. மூச்சுத் திணறலென்று வயதான தகப்பனாரை ஜில்லா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் கூட இருந்தாள். ஐந்து நாள் வரை என்ன வியாதி என்று ஒருவரும் சொல்லவில்லை. காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். “எட்டாம் நம்பர்” என்றார்கள். தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பது பேர் பார்க்க, மறைப்புத் துணி கூட இல்லாமல், பெரியவரின் வேட்டியை அவிழ்த்துச் சிறுநீர்க் குழாய் மாட்டினார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்பாவுக்கு என்னங்க?” என்று மகள் கேட்டாள். “நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா? சொன்னா புரியுமா? வெளியே நில்லு!” என்று பதில் வந்தது.

ஒரு நாள் இரவு அவள் டீ வாங்கப் போய்த் திரும்பினாள். கட்டில் காலியாக இருந்தது. துப்புரவு செய்துகொண்டிருந்த அம்மாளுக்கு விவரம் தெரியவில்லை. அப்பா போய்விட்டார் என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அரைமணி நேரம் மாடி மாடியாக ஓடிய பிறகுதான் தெரிந்தது, அவரை வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று!

பெரியவர் பிழைத்தார். மருந்துக்குக் குறைவில்லை, வைத்தியத்தில் பிழையில்லை. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் “மேலே மூன்றாம் வார்டுக்குக் கொண்டுபோகிறோம், அங்கே வாம்மா” என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? எத்தனை ரூபாய் செலவாகும்?

இதைக் கேட்டால் மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கின்றன.

“படிக்காத ஜனங்களுக்குச் சொன்னால் புரியாது!”

எட்டுத் தறியை ஒரே ஆளாக ஓட்டுகிறவனுக்கு, சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று கண்டுபிடிக்கிறவனுக்கு, “நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது” என்று தமிழில் சொன்னால் புரியாதா? புரியும்படி சொல்லத் தெரியாதது யாருடைய குறை?

சொல்வது தயவு அல்ல, கடமை. எந்தச் சிகிச்சை, ஏன், அதில் என்ன அபாயம், வேறு வழி உண்டா என்று விளக்கிய பிறகு பெறுவதுதான் சம்மதம் என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சோதனைக்குப் பெற்ற சம்மதத்தைக் காட்டி ஆபரேஷன் செய்யக்கூடாது என்பதும் அதே தீர்ப்புத்தான்.

சொல்லாத வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் ஜில்லாவில் நடந்ததே சாட்சி. ஒரு கருத்தடை முகாமில், ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன். பலர் செத்தார்கள். ஏழைப் பெண்கள்! அவர்களை யார் உட்கார வைத்து விளக்கம் சொன்னார்கள்? 2016ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது. படிவத்தை உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குமுன் விளக்க வேண்டும், யோசித்துப் பார்க்க ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னது. கைநாட்டு வைக்கிறவருக்கும் யோசிக்கும் உரிமை உண்டு என்று நாட்டின் பெரிய கோர்ட்டே ஒப்புக்கொண்ட பிறகு, வார்டில் நிற்கிறவர் “புரியாது” என்று சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது?

“இலவசம்தானே!”

எது இலவசம்? தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரை வரி கட்டுகிறவன் ஏழை. அந்த வரியில் கட்டியதுதான் இந்த ஆஸ்பத்திரி. இ.எஸ்.ஐ. தொழிலாளியோ, மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் கொடுக்கிறான். அவன் உழைப்பின் பேரில் முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அவனிடமும் இந்த “இலவசம்தானே” பேச்சுத்தான்!

இன்னொன்றும் கேட்கிறோம். காலையில் வார்டில் “நீ, போ” என்கிற அதே டாக்டர், மாலையில் தமது சொந்தக் கிளினிக்கில் “வாங்க, உட்காருங்க, என்ன செய்யுது?” என்கிறாரே, எப்படி? நாக்கு ஒன்றுதான். நடுவிலே வந்து நிற்பது பணம்.

பணம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுகிறதா? தனியார் ஆஸ்பத்திரியில் வாசலில் வணக்கம் உண்டு. குளிர்சாதன அறை உண்டு. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு சாத்தியதும் உள்ளே நடப்பது தெரியாது. பில் மட்டும் வெளியே வரும். பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் எழுத வேண்டிய நிலைமை ஏன் வந்தது? அப்படிப் பிடித்து வைத்ததனால்தானே! ஓரிடத்தில் வசவு, இன்னோரிடத்தில் புன்னகை. இரண்டிடத்திலும் உண்மையான பதில் மட்டும் கிடையாது.

“நேரமில்லை!”

இது பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் உரக்கச் சொல்வோம். பொது ஆஸ்பத்திரியில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ், போதனா ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவு நேரத்தில் எந்த வார்டிலாவது நுழைந்து எண்ணிப் பாருங்கள்! 2015ல் தமிழ்நாட்டில் தேர்வு வைத்து எடுத்த நர்ஸ்களுக்குச் சர்க்கார் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி காற்றில் பறந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ஊதியம் கூடியது; நிரந்தரத்துக்காகவோ வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. துப்புரவும் காவலும் கான்ட்ராக்ட்காரர் கையில். 2017ம் வருஷத்து தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை மக்கள் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்றது. 2025 வந்தது, போனது, 2.5 மட்டும் வரவில்லை.

மேலதிகாரி டாக்டரை விரட்டுகிறார், டாக்டர் நர்ஸை விரட்டுகிறார், நர்ஸ் சிப்பந்தியை விரட்டுகிறார். கடைசிப் படியில் நோயாளி கிடக்கிறார். அவர் விரட்ட ஆளில்லை.

ஆனால் மீதிப் பாதி? ஆள் பற்றாக்குறையால் காத்திருக்க வைக்க நேரலாம். ஏசுவதற்கு அது காரணமாகாது. பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர்களும், சொந்தத் தாயைப்போல் பார்க்கும் நர்ஸ்களும் இதே வார்டுகளில், இதே நெருக்கடியில்தான் வேலை செய்கிறார்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம், உலக சுகாதார ஸ்தாபனம் 2018ல் சிபாரிசு செய்வதற்கு முன்பே தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டது. உறவினரை உள்ளே விட்டதால் எந்தக் கூரையும் இடிந்து விழவில்லை. மனம் வைத்தால் முடியும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

ஒவ்வொரு வார்டிலும் தினம் ஒரு குறித்த நேரத்தில், பொறுப்பான டாக்டர் நோயாளியிடமும் உறவினரிடமும் தமிழில் நிலைமையைச் சொல்ல வேண்டும். நோயாளியை இடம் மாற்றுமுன் தகவல் தர வேண்டும்.

எல்லா வார்டுக்கும் மறைப்புத் திரை வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும், கிழவரானாலும், மானம் மானம்தான்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும்; வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுத்தாளில் கைநாட்டு கூடாது.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைத் தர வேண்டும் என்ற 2002ம் வருஷத்து மெடிக்கல் கவுன்சில் விதியையும், நோயாளிகள் உரிமைப் பட்டியலையும் எல்லா வாசல்களிலும் தமிழில் எழுதி மாட்ட வேண்டும்.

புகார்க் கமிட்டியில் தொழிற்சங்கத்துக்கும் மாதர் அமைப்புக்கும் இடம் வேண்டும்.

காலியிடங்களை நிரப்பு! கான்ட்ராக்ட் முறையை ஒழி! நர்ஸ்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் நிரந்தரமாக்கு!

நர்ஸின் கோரிக்கையும் நோயாளியின் கோரிக்கையும் எதிரும் புதிருமானவை அல்ல. இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள், செலவைச் சுருக்கிய கோட்டையில் இருக்கிறார்கள். உறவினர்களே, கையை ஓங்காதீர்கள். அதற்காக வாயையும் மூடாதீர்கள்! தனியாளாகக் கேட்டால் “வெளியே நில்” என்பார்கள். ஊர்கூடி, சங்கம் கூடி, ஆஸ்பத்திரி ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!