பள்ளிக்கூடத்துக்கு லாட்டரிப் பணம் வேண்டாம்

தமிழ்நாட்டில் அரசு லாட்டரியை மீண்டும் தொடங்கலாம், வரும் பணத்தைப் பள்ளிகளுக்கே ஒதுக்கிவிடலாம் என்ற யோசனையை அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு எதிர்க்கிறது. ஒரு ரூபாய்கூட வேறு செலவுக்குப் போகாது என்று எழுதிக் கொடுத்தாலும் எதிர்க்கும்.

1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசு பரிசுச் சீட்டு இங்கே வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றது அதன் வாசகம். நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். ஆனால் தோற்றவருக்கு அது ஓர் ஆறுதலையும் கொடுத்தது: போனால் போகட்டும், நாட்டுக்குத்தானே! பின்னாளில் வெளிமாநிலச் சீட்டுகள் குவிந்தன, சுரண்டல் லாட்டரியும் ஒரு நம்பர் லாட்டரியும் வந்தன. பேருந்து நிலையக் கடைகளில் சீட்டுகள் தோரணமாகத் தொங்கின. எங்கள் மூத்த உறுப்பினர்கள் அந்தக் காலத்தில் வகுப்பெடுத்தவர்கள். அப்பாவின் கூலி எங்கே போனது என்று தெரிந்தே நோட்டு வாங்காமல் வந்து நின்ற பிள்ளைகளை அவர்கள் மறக்கவில்லை. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அந்தத் தடையை அன்றும் வரவேற்றோம், இன்றும் ஆதரிக்கிறோம்.

அந்த வாசகத்தில் 'நாட்டுக்கு' என்பதை எடுத்துவிட்டு 'பள்ளிக்கு' என்று போட்டால் ஆறுதல் இன்னும் பெரிதாகும். எங்களை அச்சுறுத்துவது அதுதான். சூதாட்டத்துக்குக் கல்வியைக் காட்டிலும் நல்ல விளம்பரம் கிடைக்காது.

அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 1964-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பள்ளிகளுக்காக லாட்டரி தொடங்கியது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. வசதியுள்ளவர்களிடம் கேட்கத் தயங்கிய பணத்தைச் சீட்டு வாங்குபவர்களிடம் வாங்கிக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் 1984-இல் வாக்கெடுப்பு நடத்தி, பள்ளிகளுக்கென்று சொல்லியே லாட்டரியைக் கொண்டுவந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்குள்ள பள்ளிச் செலவில் லாட்டரியின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் லாட்டரிதான் பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறதே, புதிய வரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு போதும்.

ஜார்ஜியா மாநிலத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லாட்டரிப் பணத்தில் கல்வி என்பதற்கு வெற்றிகரமான உதாரணமாக எல்லோரும் காட்டுவது அதைத்தான். 1993-இல் அங்கே 'ஹோப்' கல்வி உதவித்தொகை தொடங்கியது. முழுக்க லாட்டரிப் பணம், கல்லூரிக் கட்டணத்துக்கு. முதல் ஆண்டில் 66,000 டாலருக்கு உட்பட்ட வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றார்கள். மறு ஆண்டு வரம்பு ஒரு லட்சம் டாலர் ஆனது. 1995-இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே சமயம், மத்திய அரசின் பெல் உதவித்தொகை வாங்கும் ஏழை மாணவருக்கு அந்தத் தொகையை ஹோப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் விதி பல ஆண்டுகள் நீடித்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் மொத்தமும் கிடைத்தது. ஏழைப் பிள்ளைக்கு மிச்சம் மீதிதான். தங்கள் வருமானத்தில் மற்றவர்களைவிடப் பெரிய பங்கைச் சீட்டில் போடுபவர்களோ ஏழைகள். பணம் கீழிருந்து மேலே போயிற்று. திட்டம் நேர்மையாகத்தான் நடந்தது. கையாடல் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கேரளத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தோம். 1967-இல் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு தொடங்கிய அந்த லாட்டரியை அரசுத் துறையே நடத்துகிறது. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அதை விற்றுப் பிழைக்கிறார்கள். 2011-இல் வந்த காருண்யா சீட்டின் பணம் பலருக்குச் சிகிச்சைக்கு உதவியது. இவற்றை மதிக்கிறோம். ஆனால் ஒரு ரூபாயில் தொடங்கிய சீட்டு இன்று ஐம்பது ரூபாய், குலுக்கலோ தினசரி. பரிசுக்கும் முகவர் கழிவுக்கும் வரிக்கும் போக அரசின் கையில் நிற்பது விற்பனையில் சிறு பகுதிதான். 2025 செப்டம்பர் முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. பள்ளிக்கு ஒரு ரூபாய் சேர, வீடுகள் பல ரூபாய் இழக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை பழகிய வருவாயை எந்த அரசும் எளிதில் விடாது. லாட்டரிக் கடைகள் மூடப்பட்ட அதே 2003-இன் நவம்பரில்தான் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் தன் கையில் எடுத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வருவாய் இல்லாமல் நிதிநிலை அறிக்கை போட முடியாது என்ற நிலை. இன்னொரு முறை அதே வழியில் போய், ஆசிரியர் சம்பளத்தையும் காலை உணவையும் லாட்டரி வருவாயில் கட்டிவைத்தால், சூதாட்டம் குறைந்த ஆண்டில் பள்ளிக்கூடம் பட்டினி கிடக்கும்.

தடை இருந்தும் மூன்று நம்பர் லாட்டரி ஓடுகிறதே என்று கேட்பார்கள். ஓடுகிறது, கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்தே ஓடுகிறது. பக்கத்து மாநிலத்தின் சட்டப்படியான லாட்டரி இங்கே சட்டவிரோதச் சூதாட்டத்துக்கு முடிவு எண்ணை அச்சிட்டுத் தருகிறது. சட்டபூர்வமாக்கினால் கள்ளச்சூது ஒழியும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிகளுக்குப் பணம் தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. கூரை ஒழுகும் வகுப்பில் நிற்பவர்கள் நாங்கள். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-இல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் நிறுத்தப்பட்ட தமிழ்நாட்டின் பங்கு மட்டும் சுமார் 2,150 கோடி ரூபாய். வருமான வரியோடு நாடு முழுவதும் செலுத்தப்படும் 4 விழுக்காடு சுகாதார, கல்வித் தீர்வை மாநிலங்களுடன் பகிரப்படுவதே இல்லை. கேட்க வேண்டிய இடங்கள் இவை. காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தங்களால் முடிந்ததைப் பொருளாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். இன்றும் தட்டு ஏந்தி, மேளத்தோடு கல்விச் சீர் கொண்டுவரும் ஊர்கள் உண்டு. அந்த மக்களிடம் வெளிப்படையாக வரி கேட்கலாம், கொடுப்பார்கள்.

லாட்டரித் தடை நீடிக்கும் என்பதைக் கட்சிகள் தங்கள் தேர்தல் அறிக்கையில் எழுத வேண்டும். மூன்று நம்பர் லாட்டரி வழக்குகளில் சீட்டு விற்ற சிறு கடைக்காரரோடு நிற்காமல், பின்னால் இருந்து பணம் போடுபவர் வரை காவல்துறை போக வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த அறிக்கையை வாசித்து, பெற்றோரின் கருத்தை எழுதி வாங்கி மாவட்டக் குழுவிடம் சேர்க்க வேண்டும்.