பழைய ஜீப்பை விற்கும் முன்... வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: “எங்களுக்குக் குரங்கணி மலைப் பக்கம் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. 1988-ம் ஆண்டு அப்பா வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் இன்றைக்கும் ஓடும் நிலையில் உள்ளது. கடந்த 14 ஆண்டுகளில் என்ஜின் ரீபோர், கிளட்ச், கியர்பாக்ஸ், டிங்கரிங் என்று நிறைய செலவு செய்திருக்கிறோம். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது. 2023-ம் ஆண்டோடு எஃப்.சி. முடிந்துவிட்டது. கட்டப்பனையிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்கிறார். ‘படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா? என்ன விலை சொல்வது?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், போடிநாயக்கனூர்.

பதில்: புரோக்கர் சொல்வதுபோலக் கொடுக்கக் கூடாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்துவிட்ட நிலையில், அவருக்காக யார் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. அது மட்டுமல்ல, அப்படிப் போடுவதே குற்றம். வாரிசு தன் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும், வண்டி இன்னும் அவர் பெயருக்கு வராததால் அந்தத் தாளால் பயனில்லை.

இதில் உள்ள ஆபத்து சிறியதல்ல. ஒருவர் தன் வண்டியை விற்றுவிட்டார். அது அடுத்தடுத்து மூன்று, நான்கு கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. அந்த வண்டி விபத்தில் சிக்கி ஓர் உயிர் போனது. நவீன் குமார் - விஜய் குமார் என்ற அந்த வழக்கில், 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்பது அதன் சாரம். காப்பீடும் இல்லாத ஜீப் என்றால், அந்த இழப்பீடு தோட்டத்தையே விழுங்கிவிடும். மலைப் பாதையில் ஆள் ஏற்றி ஓடும் வண்டிக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு பொருந்தும்.

ஆகவே வேலைகளை இந்த வரிசையில் முடிப்பது நல்லது.

முதலில், வாரிசு பெயருக்கு மாற்றம். இதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை தேவை. உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது; தாமதத்துக்கு அபராதம் இருக்கும். தாயார், உடன்பிறந்தோர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பதால், விலை பேசுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். முன்பணம் வாங்கிய பிறகு கிளம்பும் குடும்பச் சண்டைதான் பல விற்பனைகளைக் கெடுக்கிறது. 1988-ல் பதிவான வண்டி என்பதால் மூன்றெழுத்துப் பழைய எண்ணாக இருக்கும். அந்தப் பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஆர்.சி. புத்தகத்துடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் அதை முதலில் ஏற்ற வேண்டும்.

அடுத்து, பதிவைப் புதுப்பித்தல். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பசுமை வரி கட்ட வேண்டும். வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், கட்டும் அன்று தளத்தில் காட்டும் தொகையே சரி. எஃப்.சி. இல்லாத ஜீப்பை வாங்க வருபவர், இந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துத்தான் விலையைக் குறைப்பார். அவர் குறைக்கும் தொகை பெரும்பாலும் உண்மைச் செலவைவிட அதிகமாகவே இருக்கும்.

மூன்றாவது, விற்பனை. படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். வாங்குபவர் கேரளத்தவர் என்பதால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும், வெளி மாநிலத்துக்கு என்றால் 45 நாளுக்குள்ளும் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் அடமானம் இருந்தால், படிவம் 35 கொடுத்து அதையும் நீக்க வேண்டும். கடன் கட்டி முடித்து இருபது ஆண்டுகள் ஆகியும் அடமானக் குறிப்பு நீங்காத புத்தகங்கள் கிராமங்களில் நிறைய உண்டு.

இனி வண்டியின் நிலை. விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் குனிந்து சேசிஸைத்தான் பார்ப்பார். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்கள், ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடம், கால் வைக்கும் தகடு ஆகிய மூன்றும் துரு பிடிக்கும் இடங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். ரீபோர் செய்தாலும் பிளாக் அதேதான் என்பதால் எண் மாறாது, கவலையில்லை. என்ஜினையே மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து புகையைப் பார்ப்பார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறும்புகை என்றால் இன்ஜெக்டர் அல்லது ஏர் ஃபில்டரில் கோளாறு. இந்த ஜீப்பில் உள்ள பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜினுக்குக் கிளோ பிளக் உண்டு. மலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறினால் பெரும்பாலும் கோளாறு அதில்தான். சின்னச் செலவு; விற்பதற்கு முன் மாற்றிவிடலாம். ஸ்டியரிங் ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங், டை ராடு இரண்டையும் சரி பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை ஈர மண்ணில் ஓட்டிக் காட்ட வேண்டும். தார் ரோட்டில் காட்டக் கூடாது. இவ்வகை ஜீப்பில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் வளைத்தால் பல்சக்கரங்கள் இறுகி, டிரான்ஸ்பர் கேஸ் கெட்டுவிடும்.

விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்த்தாலே, அடியில் பட்டி போட்டுத் துருவை மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். கழுவித் துடைத்து, உள்ளது உள்ளபடி காட்டுவதே மரியாதை. இருக்கும் குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பேரம் அந்தக் குறையோடு நின்றுவிடும்.

விலை விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். பத்து வருடம் போட்ட தீவனத்தைக் கூட்டிப் பார்த்து மாட்டுக்கு யாரும் விலை சொல்வதில்லை. எத்தனையாவது ஈத்து, இப்போது எத்தனை லிட்டர் கறவை என்பதுதான் சந்தையில் பேச்சு. ஜீப்பும் அப்படித்தான். 14 ஆண்டு ரிப்பேர் செலவு, அந்த 14 ஆண்டும் காபி மூட்டையையும் ஆட்களையும் இறக்கியதிலேயே திரும்பி வந்துவிட்டது. அண்மையில் போட்டு இன்னும் தேயாத டயர், பேட்டரி, கிளட்ச் ஆகியவற்றுக்கு மட்டும் விலையில் இடம் கேட்கலாம். ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சு எடுபடும். புதுப்பித்த ஆர்.சி.யோடு குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகவே பெற வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் பெற வேண்டும். பரிவாகன் தளத்தில் புதிய பெயர் வரும்வரை காப்பீட்டை ரத்து செய்யக் கூடாது.

கேள்வி: “தாத்தா காலத்து 1962-ம் ஆண்டு வில்லிஸ் ஜீப் எங்களிடம் உள்ளது. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்திருக்கிறோம். ‘வின்டேஜ்’ என்று பதிந்தால் நல்ல விலை கிடைக்குமா?”
- ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: 2021-ம் ஆண்டு ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளே வின்டேஜ் வகையில் சேரும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். டீசலுக்கு மாற்றிய இந்த ஜீப் இப்போதைய நிலையில் அதில் சேராது.

பழைய பெட்ரோல் என்ஜின் கொட்டகையில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். அதே என்ஜினைத் திரும்பப் பொருத்தினால் தகுதி கேட்டு விண்ணப்பிக்கலாம். விதிகள் வந்தபோது அறிவித்த கட்டணம் புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடத் தோட்ட வேலைக்கு ஓட்ட முடியாது. மூட்டை ஏற்ற ஜீப் வேண்டும் என்பவருக்கு இந்தப் பதிவு உதவாது. டீசல் என்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால், எந்த வகையில் விற்பதானாலும் அதைச் சரிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.