"நரம்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள்



பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டுக் குழந்தை. மூன்று வயது. பக்கத்தில் தட்டு விழுந்தாலும் திரும்பாது. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்றே இரண்டு வருடம் போய்விட்டது. இப்போது ஸ்கேனில் உள்காது சரியாக வளரவில்லை என்றதும், ஆபரேஷன் வீண் என்று சொந்தக்காரர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அது சரியல்ல. காக்ளியா நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று இருக்கும். சிலருக்கு ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும்; 1791-லேயே மொண்டினி என்ற இத்தாலியர் எழுதிவைத்த குறை. அப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். காக்ளியாவோ செவி நரம்போ அறவே இல்லாவிட்டால்தான் அது உதவாது. ஆகவே எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டரிடம் நரம்பைப் பற்றிக் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துகொள்ளலாம். பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி உண்டு. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும், தெரியும்.

காது கேளாத ஒரு பையனைக் கவனமில்லாதவன் என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவன் நான். சென்னைக்குத் துணை வேண்டுமானால் கூப்பிடுங்கள். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.