எது பகை? எது கேள்வி?

வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடுகிறதே முல்லையாறு, அந்தத் தண்ணீருக்காக 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே கிளம்பியது. ஆயிரக்கணக்கான விவசாயிகளும் கூலிப் பெண்களும் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். "பெரியாறு அணையை இடிக்க விடமாட்டோம்" என்றார்கள். அணை போனால் வயல் போகும்; வயல் போனால் சோறு போகும். அந்தக் கோஷத்தில் என்ன குற்றம்?

அதே நாட்களில் இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. மலைக்கு மேலே இடுக்கித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் தாக்கப்பட்டார்கள். டீக்கடைக்காரனா அணையை இடிக்கச் சொன்னான்? ஏலத்தோட்டத்தில் களை பறிக்கும் பெண்ணா அணையைக் கட்டினாள்? இது பகை. இதைத் தூண்டிய பேச்சும் பகை. நம் ஊர்க்காரன் பேசினாலும் பகைதான், மூடி மறைப்பதற்கில்லை.

இந்த இரண்டையும் பிரிக்க வீரபாண்டியில் எந்தக் கிழவிக்கும் தெரியும். சர்க்காருக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லையா, மனமில்லையா?

மதத்தையும் மொழியையும் சொல்லிப் பகை மூட்டுவோருக்கென்று பழைய தண்டனைச் சட்டத்தில் 153ஏ இருந்தது. இன்று அது 196வது பிரிவு. மூன்றாண்டுவரை சிறை. அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சிறுபான்மையினர் தெருவில் தீ வைக்கச் சொல்பவனை அது பிடிக்கட்டும். ஆனால் பிடித்தது யாரை? காஷ்மீரின் 370வது பிரிவு ரத்தான நாளைக் கறுப்பு நாள் என்று எழுதிய ஒரு கல்லூரி ஆசிரியரை! 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுதான் அந்த வழக்கைத் தள்ளியது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் கைது செய்து ராஜத்துரோகம் என்றார்கள். சாராயக் கடைதான் ராஜ்யமோ?

இந்த வித்தை புதிதல்ல. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை உள்ளே வரக்கூடாதென்று சென்னை சர்க்கார் தடை போட்டது. 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தடையை உடைத்தது. தோற்றவர்கள் திருந்தினார்களா? அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி, "பொது ஒழுங்கு" என்ற பூட்டைப் பேச்சுரிமைக்கு மாட்டினார்கள்.

2022 மே மாதம் ராஜத்துரோகப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய சட்டத்தில் அந்தப் பேரைக் காணோம். 152வது பிரிவு இருக்கிறது. நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து என்று சொல்லி ஆயுள் சிறைவரை போடலாம்.

152ஐ நீக்கு! 196 இருக்கட்டும். ஆனால் வழக்கை எழுதுமுன் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதட்டும்: இந்தப் பேச்சு எந்த மக்களைத் தாக்குகிறது? "மந்திரியை" என்பதுதான் பதிலென்றால், காகிதத்தைக் கிழித்துப் போடட்டும்.