கொழுப்புக் கட்டி என்று ஒரு பொய்

சென்ற வாரம் செக்காலை ரோட்டில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். "அவகிட்ட சொல்லலை. தையில கல்யாணம் முடியட்டும். கேன்சர்னு எழுதலையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டுமல்ல, எட்டு வருஷத்துக்கு முன் இதையே செய்த என் மேலும்தான்.

அப்போது என் ஆச்சிக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, வயது 63. எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட்டில் 'ஏடிபிகல் செல்கள், பயாப்சி செய்யவும்' என்று இரண்டு வரி. முகப்பில் ஆம்பளைகள் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து கூடிப் பேசினோம். ஒருவர் ஒன்றுமில்லை என்றார். ஒருவர் மார்பையே எடுத்துவிடலாம் என்றார். ஒருவர் ஜாதகத்தை எடுத்தார். உள்ளே வளவில் இருந்த ஆச்சியை யாரும் கேட்கவில்லை. "தம்பி, என்ன எழுதியிருக்கு?" என்று அவரே கேட்டபோது, "கொழுப்புக் கட்டி ஆச்சி" என்று கூசாமல் சொன்னேன். நாலு மாதம் போயிற்று.

நாங்கள் படித்தவர்கள்தான். ஆனால் அந்த இரண்டு வரியை ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஏடிபிகல் என்றால் செல்கள் வழக்கமான உருவத்தில் இல்லை என்று பொருள். அது புற்றுநோய் என்ற தீர்ப்பும் அல்ல, இல்லை என்ற விடுதலையும் அல்ல. மெல்லிய ஊசியில் வருவது உதிரி செல்கள்தான். அவை சதைக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க, தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சி வேண்டும். 'போதிய செல்கள் இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டும் இப்படித்தான். அது நல்ல செய்தி அல்ல, சோதனை இன்னும் முடியவில்லை என்ற செய்தி.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நிபுணர்களுக்கே இது சிக்கலான இடம். 2015-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. 115 நோய்க்கூறு நிபுணர்களிடம் மார்பு பயாப்சி ஸ்லைடுகளைக் கொடுத்து, அவர்கள் சொன்னதை மூன்று பேர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டார்கள். பரவும் புற்றுநோயில் 96 சதவீதம் பொருந்தியது. ஏடிபியா வகையில் 48 சதவீதம்தான். பாதிக்கும் கீழே! இதைப் படித்துவிட்டு டாக்டர்களை ஏசாதீர்கள். இந்த வகை ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நிபுணரின் கண் அவசியம் என்பதுதான் பாடம்.

'இன்னொரு டாக்டரிடம் போனால் இவர் கோவிச்சுக்குவார்' என்று நம்மில் பலர் தயங்குகிறோம். நிலத்துக்கு வில்லங்கம் பார்க்க இரண்டு வக்கீலிடம் போகிறவர்கள், உடம்புக்குப் போக மாட்டோமாம்! ஸ்லைடையும் மெழுகில் பதித்த திசுக் கட்டையையும் லேபில் எழுதிக் கேட்டு வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கையால் பார்த்தது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசி, இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா? ஸ்கேன் சந்தேகப்படும்போது ஊசி நல்லது சொன்னால், அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது; மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். கோர் பயாப்சியிலும் ஏடிபிகல் என்றே வந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் எடுத்து முழுதாகச் சோதிப்பார்கள். சில வகைகளுக்குக் கண்காணிப்பே போதும். அவசரப்பட்டு மார்பையே எடுப்பது இதற்கு வைத்தியம் அல்ல. 'ஊசி பட்டால் பரவிவிடும்' என்பதும் திண்ணைப் பேச்சுதான். அதற்குப் பயந்து நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து.

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை அவர் மூடி வைக்கவில்லை. பல வருஷம் போராடி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். எழுபது வருஷம் கழித்து, நாம் ஒரு ரிப்போர்ட்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம்.

"அவள் பயந்துவிடுவாள்" என்பார்கள். பயப்படுவது நாம். பிள்ளை பெற்று, வீட்டைக் கட்டிக் காத்து, கணவனையும் வழியனுப்பியவர் என் ஆச்சி. இரண்டு வரி ரிப்போர்ட்டுக்கா இடிந்து போவார்?

கடைசியில் மதுரையில் கோர் பயாப்சி, அப்புறம் சின்ன ஆபரேஷன். எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை. வருஷம் ஒரு மேமோகிராம் எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அது எங்கள் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம். நாலு மாதத்தை வீணாக்கிய வேறு குடும்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காமலும் போகலாம்.

உண்மை தெரிந்த அன்று ஆச்சி அழவில்லை. "என் உடம்பு விஷயம் ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை, இல்லையா தம்பி?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நண்பரே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் காகிதத்தை இன்று ராத்திரியே உங்கள் வீட்டம்மா கையில் கொடுங்கள். அது அவருடையது.