மழை மீது பழி போடாதே! குழாயின் வாயைக் காட்டு!



2015 டிசம்பர் 1ந் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் படகேறினார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல். மறுபடி அதே பேட்டைகள், அதே தண்ணீர். இரண்டு தடவையும் நாம் கேட்ட பாட்டு ஒன்றுதான்: இயற்கையின் சீற்றமாம்!

49 சென்டிமீட்டரை எந்தக் குழாயும் விழுங்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மணி நேர மழைக்கே சாலைக்கு மேல்புறம் குளமாகவும், கீழ்ப்புறம் வாய்க்கால் பாதி காலியாகவும் கிடக்கிறதே, அதற்கும் இயற்கைதான் ஜவாப்தாரியா?

சிறுபாலத்தின் வாயைப் போய்ப் பாருங்கள். மடை திறந்து பழகிய விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலைத் தோழர், சீசாவில் புனல் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளட்டும். புனல் இல்லாமல் ஊற்றினால் என்ன ஆகும்? சாலைக்கடியில் மொட்டைக் குழாயைச் சொருகிவிட்டுக் காண்ட்ராக்டர் போய்விடுகிறார். பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் அந்தக் கூர் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் நடுவிலே ஒடுங்குகிறது. கூர்மையான துளையில் பாயும் தாரை, துளையின் பரப்பில் சுமார் 62 சதவீதமாகச் சுருங்கும் என்பது நீரியலில் பாலபாடம். பில் மூன்றடிக் குழாய்க்கு; தண்ணீருக்குக் கிடைப்பதோ இரண்டேகால் அடி சொச்சம்!

விளிம்பை வட்டமாக உருட்டினால் நுழைவு நஷ்டக் கணக்கு 0.5லிருந்து 0.2க்கு இறங்கும். இருபுறமும் விரிந்த சிறகுச் சுவர் கட்டினால் தண்ணீர் வழிகண்டு உள்ளே போகும். இது பரம ரகசியமா? வாயைத் திருத்துவதற்கென்றே அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் 1972லேயே தனிக் கையேடு போட்டாயிற்று. இங்கேயோ வாய்க்கு நேரே கம்பி வலையை நட்டமாக நிறுத்தி, பிளாஸ்டிக் பைக்கும் ஆகாயத்தாமரைக்கும் பந்தி விரிக்கிறார்கள்.

வாய் இழுக்காத தண்ணீர் மேல்புறத்தில் ஏறும். அங்கே இருப்பது யார் வீடு? பள்ளத்தில் மலிவாகக் கிடைத்த மனையில் கடன் வாங்கிக் கட்டிய உழைப்பாளியின் வீடு!

அடையாறே நிரம்பி எதிர்த்து நிற்கும் நாளில் வாயைச் செதுக்கிப் பயனில்லை. அது வேறு சண்டை; ஆற்றையும் ஏரிகளையும் மீட்கும் சண்டை. ஆற்றில் இடமிருந்தும் தெருவில் தண்ணீர் நிற்கிறதே, அந்த நாட்களைத்தான் இங்கே சொல்கிறோம்.

சாலையைத் தோண்டாமலே வாயைத் திருத்தலாம். பில் சிறியது, அதனால்தான் யாருக்கும் ருசிக்கவில்லை போலும்!

வடகிழக்குப் பருவம் வருமுன் ஒவ்வொரு பேட்டையிலும் பத்துப் பேர் சேர்ந்து சிறுபாலங்களைப் பார்த்து வாருங்கள். மனுவில் குழாயின் அளவை மட்டும் கேட்காதீர்கள். வாயின் வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள்.